உண்ண மறுத்த இரண்டு பூனைகள்

வியாதிப்பட்ட மிருகத்தைப் பற்றி எழுதுவது சுலபம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வாயில்லா ஜீவன், பரிதாபமான இரண்டு கண்கள், குழந்தைகளின் அழுகை, கடைசியில் தோட்டத்து மூலையில் ஒரு சிறு குழி. இவ்வளவு இருந்தால் போதும், வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ஆனால் உரைநடை எழுதுகிறவனுக்கு இதைவிடக் கஷ்டமான விஷயங்கள் அதிகம் இல்லை என்பது என் அபிப்பிராயம். அதிலும் சாப்பிடுவதை நிறுத்திவிட்ட பூனையைப் பற்றி எழுதுவது மிகவும் கஷ்டம். ஏனென்றால் அங்கே சம்பவம் என்று எதுவுமே இல்லை. நாயைப் போல அது முனகிக்கொண்டு காலடியில் வந்து படுப்பதில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. நேற்றும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது. நாளைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருக்கும். அந்த மௌனத்தை எழுதுகிறவன் எதைக் கொண்டு நிரப்புகிறான் என்று பார்த்தால் அவனுடைய தரம் தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட இரண்டு பூனைகளைப் பற்றி இரண்டு பெரிய நாவலாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒருவர் ஜப்பானியர், நட்ஸுமே ஸோஸெகி. மற்றவர் லண்டனில் வாழ்ந்த டோரிஸ் லெஸ்ஸிங். ஸோஸெகியின் பூனை செத்துப்போயிற்று. லெஸ்ஸிங்கின் பூனை பிழைத்துக்கொண்டது. ஒருவர் ஒன்றும் செய்யவில்லை. மற்றவர் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியவற்றை இங்கே சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஸோஸெகிக்குப் பெயர் வாங்கித் தந்ததே ஒரு பூனைதான். 1905, 1906-ம் வருஷங்களில் வெளிவந்த 'நான் ஒரு பூனை' என்ற நாவலில், பெயரே வைக்கப்படாத ஒரு பூனை, தன் எஜமானனான குஷாமி என்கிற பள்ளிக்கூட வாத்தியாரையும் அவருடைய சிநேகிதர்களையும் கேலி செய்துகொண்டே கதை சொல்கிறது. அந்தப் பூனைக்கு முன்மாதிரியாக இருந்தது ஸோஸெகியின் வீட்டுக்குள் தானாக நுழைந்து தங்கிவிட்ட ஒரு நிஜப் பூனை. அதற்கும் கடைசி வரை பெயர் கிடையாது. 1908-ம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதி அது இறந்தபோது, கறுப்புக் கரை போட்ட தபால் கார்டுகளில் சிஷ்யர்களுக்கு மரண அறிவிப்பு அனுப்பினார் ஸோஸெகி. எஜமானன் 'ஸான்ஷிரோ' என்கிற நாவலை எழுதிக்கொண்டிருப்பதால் துக்கம் விசாரிக்க யாரும் வரவேண்டாம் என்பது அதில் கண்ட செய்தி. இந்த வேடிக்கையை எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். அடுத்த வருஷம், 1909-ல், பத்திரிகையில் அவர் எழுதிய சின்னச் சின்னக் கட்டுரைகளில் 'பூனையின் கல்லறை' என்று ஒன்று உண்டு. அதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. காரணம், அது வேடிக்கையாக இல்லை.

நாலைந்து பக்கம்கூட வராத கட்டுரை. புது வீட்டுக்குக் குடிவந்த பிறகு பூனை இளைக்கத் தொடங்குகிறது. குழந்தைகளோடு விளையாடுவதில்லை. தாழ்வாரத்து வெயிலில் முன்னங்கால்களின் மேல் மோவாயை வைத்துக்கொண்டு தோட்டத்தைப் பார்த்தபடி கிடக்கிறது. பார்க்கிறதே தவிர, எதையும் அது கவனிப்பதாகத் தெரியவில்லை. குழந்தைகளும் அதை விட்டுவிடுகிறார்கள். வேலைக்காரி மூன்று வேளையும் சமையலறை மூலையில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிறாள். அந்தச் சாப்பாட்டைப் பெரும்பாலும் பக்கத்திலே இருக்கிற ஒரு பெரிய மூவர்ணப் பூனை வந்து தின்றுவிட்டுப் போகிறது. வீட்டுப் பூனை சண்டைக்குப் போவதில்லை.

இந்த ஒரு விவரத்தை ஸோஸெகி போகிற போக்கில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறார். கட்டுரை முழுவதற்கும் ஆதாரமான விவரம் இதுதான் என்பது என் எண்ணம். வைத்த தட்டு காலியாகிவிடுகிறது. அந்த வீட்டில் சாப்பாடு போடுவதில் ஒரு குறையும் இல்லை. வேலைக்காரி தன் வேலையைச் செய்தாள், தட்டு காலியாக இருந்தது, கணக்கு நேராகிவிட்டது. யாருடைய வயிற்றுக்குள் போயிற்று என்பது மட்டும்தான் கணக்கில் சேரவில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் புழங்குகிற எந்த வீட்டுக்கும் இது பொருந்தும். ஒரு பூனை பட்டினி கிடப்பதை மற்றொரு பூனையின் பசி மறைத்துவிடும்.

பிறகு வால் மயிர் உதிர்கிறது. முதலில் அங்கங்கே குழி விழுந்த மாதிரி, பின்பு தோலே சிவப்பாகத் தெரிகிற அளவுக்கு. பூனைக்கு என்னவோ ஆகிவிட்டது போலிருக்கிறதே என்கிறார் கணவர். வயசாகிவிட்டது என்கிறாள் மனைவி. விஷயம் அதோடு முடிந்துவிடுகிறது. பிறகு வாந்தி. விருந்தாளிகளுக்காகத் தைத்து வைத்த மெத்தைகள் பாழாகின்றன. வயிற்றுக் கோளாறுதான், ஹோதான் என்கிற கைமருந்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடு என்கிறார் அவர். இரண்டு மூன்று நாள் கழித்துக் கேட்கிறார். வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது, மீன் முள்ளைத் தின்றால் வாந்தி எடுக்கிறது என்று பதில் வருகிறது. அப்படியானால் போடாமல் இருப்பதுதானே என்று சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டுப் புஸ்தகத்தைத் தொடர்ந்து படிக்கிறார்.

ஒரு ராத்திரி, குழந்தைகளின் படுக்கை ஓரத்தில் படுத்திருந்த பூனை உறுமுகிறது. தான் பிடித்த மீனை யாரோ பிடுங்கும்போது எழுப்புகிற உறுமல். அதைக் கவனித்தவர் அவர் ஒருவர்தான். மனைவி தையல் வேலையில் இருக்கிறாள். மறுநாள் முழுவதும் அது அடுப்பங்கரையில் கிடந்து உறுமுகிறது. அன்று இரவு இருவரும் அதைச் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள். காலையில் விறகு எடுக்கப் போன வேலைக்காரி, பழைய அடுப்பின் மேல் அது விறைத்துக் கிடப்பதைப் பார்க்கிறாள்.

அதற்குப் பிறகுதான் வீடே பரபரப்பாகிறது. மனைவி நேரில் போய்ப் பார்க்கிறாள். கல்லறைக்கு ஒரு மரக்கட்டை வாங்கி வரச் சொல்கிறாள். அதிலே ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்கிறாள். குழந்தைகள் இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் பூ வைக்கிறார்கள். கிண்ணத்தில் தினந்தோறும் புதுத் தண்ணீர். இறந்த நாள் வரும்போதெல்லாம் ஒரு துண்டு ஸால்மன் மீனும், உலர்த்திய மீன் தூள் தூவிய ஒரு கிண்ணம் சோறும் தவறாமல் படைக்கப்படுகின்றன. இப்போதெல்லாம் தோட்டம் வரையில்கூடப் போவதில்லை, கூடத்து அலமாரியின் மேலேயே வைத்துவிடுகிறாள் என்று சொல்லிக் கட்டுரையை முடித்துவிடுகிறார்.

இதைப் படித்தவர்களில் சிலர், 'என்ன கல்நெஞ்சு!' என்று சொல்லக்கூடும். நான் அப்படிச் சொல்லமாட்டேன். உயிரோடு இருந்தபோது கிடைக்காத மீன் செத்த பிறகு கிடைக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்திருந்தால் போதும், எல்லோருக்கும் திருப்தியாக இருந்திருக்கும். நம்மில் பலர் அதைச் சேர்த்திருப்போம். அவர் சேர்க்கவில்லை. மனைவியைக் குற்றம் சொல்லவில்லை. தாம் கடுமையாகப் பேசியதையும், புஸ்தகம் படித்ததையும், மறந்துபோனதையும் மற்ற விவரங்களோடு விவரமாக, அதே குரலில் எழுதிவைத்திருக்கிறார். இதில் மன்னிப்புக் கோருதலும் இல்லை, தன்னையே அடித்துக்கொண்டு பெயர் வாங்குகிற வேலையும் இல்லை. இன்றைக்கு ஒரு மிருக வைத்தியர் அந்தப் பக்கங்களைப் படித்தால், மெலிவு, சோர்வு, மயிர் உதிர்தல், வாந்தி, பட்டினி என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளலாம். அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார் மனுஷர். பார்த்துக்கொண்டே சும்மா இருந்துவிட்டார் என்பதுதான் பயங்கரம். அந்தப் பயங்கரத்தை நாமே கண்டுபிடித்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஸோஸெகியே வயிற்று நோயாளி. அவருடைய நாவலில் வரும் குஷாமி வாத்தியாரும் ஜீரணத்துக்கு டாகா டயஸ்டேஸ் சாப்பிடுகிறவர்தான். இந்தக் கட்டுரை வெளிவந்த மறு வருஷம், 1910-ல், ஷூஸென்ஜி என்ற ஊரில் ரத்த வாந்தி எடுத்துச் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பினார். 1916-ல் அந்த வயிற்றுப் புண்தான் அவரைக் கொண்டுபோயிற்று. பூனையின் வயிற்றைப் பற்றி அவர் எழுதியதில் பொய் இரக்கம் கலக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வயிற்று வலிக்காரனுக்கு வயிற்று வலியைப் பற்றி அலங்காரமாகப் பேசத் தோன்றாது.

லெஸ்ஸிங்கின் விஷயம் வேறு. 1967-ல் வெளிவந்த அவருடைய பூனைப் புஸ்தகம், பூனைப் பிரியர்களை மயக்குவதற்காக எழுதப்பட்டதல்ல. அது தொடங்குகிற இடமே ஆப்பிரிக்காவில், ரொடீஷியாவில், அவர் சிறுமியாக வளர்ந்த பண்ணை. அங்கே பூனைகள் பெருகிக்கொண்டே போகும். மிஞ்சிய குட்டிகளைக் கொல்லுகிற பொறுப்பு தாயாருடையது. ஒரு வருஷம் தாயார் அதைச் செய்ய மறுத்துவிடுகிறார். நாற்பது பூனைகள் சேர்ந்துவிடுகின்றன. கடைசியில் தகப்பனார் முதல் உலக யுத்தக் காலத்துத் துப்பாக்கியை எடுக்கவேண்டி வருகிறது. அந்தக் கொலையை எழுதிவிட்டுத்தான், பல வருஷங்களுக்குப் பிறகு லண்டனில் ஒரு கறுப்புப் பூனையைக் காப்பாற்றிய கதைக்கு வருகிறார். ஆகவே அங்கே அவர் காட்டுகிற பரிவை நாம் நம்புகிறோம். சாவை நேராகப் பார்த்தவர் செய்கிற சிசுருஷை அது.

கறுப்புப் பூனைக்கு வந்தது தொற்றுக் குடல் அழற்சி. பூனைகளைப் பொறுத்தவரையில் கொடிய வியாதி. இன்றைக்குத் தடுப்பூசி போட்டு வராமல் காக்கிறார்கள். வந்துவிட்டால் குடல் புண்ணாகி, உடம்பில் நீர் வற்றிப்போய்விடும். பூனை தின்பதையும் குடிப்பதையும் நிறுத்திவிடுகிறது. குளிர்ந்த இடமாகப் பார்த்து ஒடுங்கிக்கொள்கிறது. லெஸ்ஸிங் அதைத் தூக்கி வந்து கதகதப்பில் வைக்கிறார். வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரவத்தை இறக்குகிறார். இரவு பகல் என்று பார்க்காமல் மறுபடி மறுபடி அதே வேலை. அது வேண்டாம் என்கிறது, இவர் விடுவதில்லை. இதற்கிடையில் வீட்டிலே இருக்கிற மற்றொரு பூனை, அழகியான சாம்பல் பூனை, தன் பழைய அந்தஸ்து திரும்பிவிட்டதாகத் திருப்திப்படுகிறது. அதையும் விடாமல் எழுதுகிறார். உணர்ச்சி வசப்பட்டு எழுதியிருந்தால் அந்தச் சாம்பல் பூனை கண்ணில் பட்டிருக்காது.

இந்தப் பக்கங்களில் சிறப்பு எங்கே இருக்கிறது என்றால், நேரத்தைச் சொல்வதில், அளவைச் சொல்வதில். உள்ளே எவ்வளவு போயிற்று என்கிற ஒரே கேள்வி. ஸோஸெகி வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. தட்டு காலியாயிற்றா என்பது வேறு, தொண்டைக்குள் இறங்கிற்றா என்பது வேறு. சிசுருஷை என்பது இந்த இரண்டாவது கேள்விதான்.

ஆனால் லெஸ்ஸிங்கோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. பூனைகள் சாவதென்று தீர்மானம் செய்துகொள்கின்றன என்கிறார். தீர்மானித்துவிட்டுக் குளிர்ந்த இடம் தேடிப்போய்க் காத்திருக்கின்றனவாம். படிக்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. தமிழில் படித்து வளர்ந்தவனுக்கு உடனே கோப்பெருஞ்சோழன் ஞாபகம் வந்துவிடும். வடக்கிருத்தல் நம்முடைய பழைய பெருமைகளில் ஒன்று அல்லவா! ஆனால் சோழன் உண்ணாமல் இருந்தது மானத்துக்காக. பூனை உண்ணாமல் இருப்பது குமட்டலால், பல் வலியால், மூக்கடைப்பால், சிறுநீரகம் கெட்டுப்போனதால். தீர்மானம் என்கிற வார்த்தைக்கு அங்கே வேலை இல்லை.

இது வெறும் வார்த்தைத் தகராறு இல்லை. பூனையின் உடம்பு பட்டினிக்கு ஏற்றதல்ல என்பது இன்றைக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தாலே, முக்கியமாகக் கொழுத்த பூனையாக இருந்தால், உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேரத் தொடங்கிவிடும். கல்லீரல் கெட்டால் குமட்டல் அதிகமாகும். குமட்டல் அதிகமானால் சாப்பாடு இன்னும் வேண்டாததாகும். முதலில் வந்தது சின்ன வியாதியாக இருந்தாலும், பட்டினியே தனி வியாதியாகிவிடும். அதற்கு முக்கியமான மருந்து சாப்பாடுதான். வைத்தியர்கள் குழாய் வைத்து வாரக்கணக்கில்கூட ஊட்டுகிறார்கள். சீக்கிரம் கொண்டுபோனால் பிழைப்பவை அதிகம். 'அது தீர்மானித்துவிட்டது, நிம்மதியாகப் போகட்டும்' என்று நாம் பெரிய மனசோடு சொல்லிக்கொண்டிருக்கும் அந்த மூன்று நாள்தான் அதைக் காப்பாற்றக்கூடிய மூன்று நாள்.

எங்கள் வீட்டிலும் ஒரு பூனை ஒரு மழைக்காலத்தில் இப்படி உட்கார்ந்துவிட்டது. வந்து பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கொரு தத்துவம் சொன்னார்கள். வைத்தியர் சொன்னதோ தத்துவம் அல்ல. ஜலதோஷத்தால் மூக்கு அடைத்திருக்கிறது, வாசனை தெரியாவிட்டால் பூனைக்குச் சாப்பாடு சாப்பாடாகவே படாது, மருந்து தருகிறேன், மூக்கைத் துடைத்துவிட்டு மீனை வெதுவெதுப்பாகக் கொடுங்கள் என்றார். மீன் வாங்கிப் பழக்கமில்லாத வீடு. பக்கத்து வீட்டு அம்மாள் உப்புப் போடாமல் மத்தி வேகவைத்த தண்ணீரை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மணிக்கு ஒரு தரம் சூடு பண்ணி வைத்தோம். முதல் நாள் மோந்து பார்த்தது. இரண்டாம் நாள் நாலு நக்கு நக்கியது. அந்த நாலு நக்கலை எண்ணினேன் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எண்ணிக்கொண்டிருக்கும்போது இரக்கம், துக்கம் என்று எதுவும் மனசில் இல்லை. ஐந்தாவது வருமா என்பது ஒன்றுதான்.

அதனால்தான் லெஸ்ஸிங்கின் தத்துவத்தைவிட அவருடைய கை பெரியது என்று எனக்குப் படுகிறது. பூனை சாகத் தீர்மானித்துவிட்டது என்று நம்பிக்கொண்டே, அந்தத் தீர்மானத்தை மதிக்க மறுத்துவிட்டார் அவர். அவருடைய புத்தி ஒன்று சொல்லிற்று, கை வேறொன்று செய்தது. எழுத்தாளர்களிடம் இது எதிர்ப்புறமாகத்தான் வழக்கமாக நடக்கும்.

காப்பாற்றவே முடியாத நிலைமை இல்லையா என்று கேட்கலாம். உண்டு. கிழட்டுப் பூனை, சிறுநீரகம் முழுவதும் போய்விட்டது, இனி ஊட்டுவது ஹிம்ஸை என்று வைத்தியர் சொல்கிற நாள் வரும். அப்போது விட்டுவிடுவதுதான் தர்மம். ஆனால் அந்தத் தீர்மானம் நம்முடையது. அதைத் தூக்கிப் பூனையின் தலையில் வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்வது சரியல்ல.

இப்படிப் பார்த்தால், ஸோஸெகியின் மனைவி 'வயசாகிவிட்டது' என்று சொன்னதும், லெஸ்ஸிங் 'தீர்மானித்துவிட்டது' என்று சொன்னதும் ஒரே ஜாதி வார்த்தைகள். மூலையில் உட்கார்ந்திருக்கும் பூனையின் மௌனத்துக்கு நாம் கொடுக்கிற அர்த்தங்கள். அர்த்தம் கிடைத்துவிட்டால் அதற்கு மேல் போய்ப் பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விடுகிறது. ஹோதானும் அப்படித்தான். மனுஷனுக்கு உள்ள மருந்தைக் கரைத்துக் கொடுக்கச் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது. அந்த மருந்தைப் பூனை குடிக்காமல் போனதும் நல்லதாகவே இருந்திருக்கலாம். இன்றைக்கு நாம் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்ளும் பாரஸிடமால் பூனைக்கு விஷம் என்பதை இந்த இடத்தில் சொல்லி வைப்பது தவறாகாது.

இரண்டில் எது சிறந்த எழுத்து என்று என்னைக் கேட்டால், தயங்காமல் ஸோஸெகியுடையது என்றுதான் சொல்லுவேன். மனைவி சொன்ன அர்த்தத்தை மனைவியின் வாயிலேயே விட்டுவிட்டு, தம் பங்குக்கு எந்த அர்த்தமும் சொல்லாமல் இருந்தாரே, அந்தக் கட்டுப்பாடு லெஸ்ஸிங்குக்கு எல்லா இடத்திலும் வரவில்லை. எது படிக்கிறவனை எழுந்துபோய் அடுப்பை மூட்டச் செய்யும் என்று கேட்டால், அதற்கும் ஸோஸெகியுடையது என்றே சொல்லத் தோன்றுகிறது. இது விசித்திரமாகப் படலாம். லெஸ்ஸிங்கைப் படித்து முடித்ததும், நல்லவேளை, பிழைத்துக்கொண்டது என்று புஸ்தகத்தை மூடிவைக்கிறோம். ஸோஸெகியைப் படித்து முடித்தால் அப்படி மூடிவைக்க முடிவதில்லை. ஆனால் எழுந்துபோன பிறகு என்ன செய்யவேண்டும் என்று தெரிவதற்கு லெஸ்ஸிங்தான் வேண்டும்.

அந்த அலமாரியின் மேல் வைக்கப்பட்ட கிண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸால்மன் மீனும் உலர்த்திய மீன் தூளும் நல்ல வாசனை உள்ளவை. சாப்பிட மறுக்கிற பூனையின் மூக்கைத் தொடக்கூடிய சாமான்கள். கொஞ்சம் சூடு பண்ணி, அந்த மூவர்ணப் பூனையை விரட்டிவிட்டு, பக்கத்திலே உட்கார்ந்து வைத்துப் பார்த்திருந்தால் அது தின்றிருக்குமா என்று யாரும் சொல்ல முடியாது. தின்றிருந்தாலும் பிழைத்திருக்குமா என்பதும் தெரியாது. ஆனால் அதற்கு எது பிடிக்கும் என்பது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது.